லீவு முடிந்து வேலைக்குத் திரும்புவது எப்படி? கிளம்பும் நாளிலிருந்து முதல் வெள்ளிக்கிழமை வரை

ஒரு தடவை லீவு முடிந்து ஆபீஸுக்குப் போன முதல் நாள் காலை, பாஸ்வேர்ட் மறந்துபோய்விட்டது. விரலுக்குப் பழக்கம் இருக்கும் என்று நம்பி மூன்று முறை அடித்தேன். கணக்கு பூட்டிக்கொண்டது. திறந்து தர வேண்டியவர் பத்தரை மணிக்குத்தான் வந்தார். அதுவரை செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், பக்கத்து இருக்கைக்காரரிடம் நான் இல்லாத நாட்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வேலை நின்றுபோனது, எதை யார் எடுத்துக்கொண்டார்கள், எந்தத் தேதி தள்ளிப்போனது என்று எல்லாம் சொன்னார்.

அப்புறம் இன்பாக்ஸைத் திறந்தால் நானூற்றுச் சொச்சம் மெயில். ஆனால் முக்கால்வாசி எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. எது முக்கியம், எது காலாவதியானது என்று தலைப்பைப் பார்த்ததுமே சொல்ல முடிந்தது. லீவுக்குப் பிறகு நான் பார்த்த முதல் நாட்களில் அதைப்போல லேசான நாள் வேறொன்று இல்லை.

திரும்பி வருவதும் ஒரு வேலைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கென்று நேரம் ஒதுக்காமல் நேராக ஓட ஆரம்பிப்பதால்தான் மூச்சு வாங்குகிறது. நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நீண்ட லீவு எடுத்த 54 ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி லீவு 23 நாள். அவர்களுடைய உற்சாகமும் உடல்நலமும் எட்டாம் நாளில் உச்சத்துக்குப் போயின. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டன. மூன்று வாரம் சேர்த்த தெம்பு ஒரே வாரத்தில் கரைகிறது என்றால், நாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு வாரத்தைத்தான்.

கிளம்புவதற்கு முந்தின மதியம்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். (லீவு முடியப்போகும் நேரத்தில் இதைப் படிப்பவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம், இதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

லீவுக்கு முந்தின கடைசி மதியம் எல்லோரும் அரக்கப்பரக்க வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். முடியாது. முடியாததைப் பட்டியல் போட்டு வைப்பது அதைவிட உபயோகம். அரைகுறையாக நிற்கும் வேலை, முடிந்த வேலையைவிட அதிகமாக நினைவில் உறுத்தும் என்று 1927-லேயே ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். அவர் சொன்னது எல்லாச் சோதனைகளிலும் அப்படியே வரவில்லை. ஆனால் 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் காட்டியது நமக்கு நேரடியாகப் பயன்படும்: பாக்கி வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக எழுதிவிட்டாலே போதும், வேலை முடியாவிட்டாலும் மனசு அதை அரித்துக்கொண்டிருப்பதை விட்டுவிடுகிறது.

ஆகவே உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். 'அறிக்கை: பெண்டிங்' என்று எழுதினால் திரும்பி வந்ததும் ஒன்றும் புரியாது. இப்படி எழுத வேண்டும்:

'காலாண்டு அறிக்கை. 4-ஆம் பக்கம் வரை சரிபார்த்தாயிற்று. 5-ஆம் பக்கத்தில் இரண்டாவது வரிசைக் கூட்டல் உதைக்கிறது. கணக்குப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும்: அவர்கள் எண் அனுப்பியிருந்தால் போட்டு முடி, அனுப்பாவிட்டால் மெயில் போடாதே, நேரில் போய்க் கேள்.'

கடைசி வரியைக் கவனியுங்கள். வந்ததும் கை முதலில் செய்ய வேண்டியது என்ன என்று அதில் இருக்கிறது. லீவு முடிந்து வரும் ஆள், இதை எழுதிய ஆளை விட மந்தமாகத்தான் இருப்பார். புதிதாகச் சேர்ந்தவருக்கு எழுதுவதுபோல எழுதுங்கள்.

அடுத்தது, லீவில் இருக்கும்போது தானாகப் போகும் பதில். 15-ஆம் தேதி வேலைக்கு வருவீர்கள் என்றால், '16-ஆம் தேதியிலிருந்து பதில் அனுப்புவேன்' என்று போடுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை; 15 அன்று வருவீர்கள், 16-லிருந்து பதில் போடுவீர்கள். அந்த ஒரு நாள் இடைவெளி எவ்வளவு பெரிய வரம் என்று வந்த பிறகு தெரியும். அதோடு, வரும் நாளின் காலை நேரத்தை கேலண்டரில் இப்போதே மறித்துவிடுங்கள். நீங்கள் மறிக்காவிட்டால் யாராவது ஒன்பது மணிக்கு மீட்டிங் வைத்துவிடுவார்கள்.

ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் 2014-இல் ஒரு படி மேலே போனது. ஊழியர் விரும்பினால், லீவின்போது அவருக்கு வரும் மெயில் தானாகவே அழிந்துவிடும். அனுப்பியவருக்கு 'அவசரம் என்றால் இன்னாரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் பிறகு அனுப்புங்கள்' என்று தகவல் போகும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் அந்த யோசனையைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். 'நான் வந்த பிறகும் இது தேவைப்பட்டால் 16-ஆம் தேதி மறுபடி அனுப்புங்கள்' என்று தானியங்கிப் பதிலில் ஒரு வரி சேர்க்கலாம். கூட வேலை பார்ப்பவர்களிடம் இது நன்றாகவே எடுபடும். வாடிக்கையாளர்களிடம் வேண்டாம்.

ஊரிலிருந்து வந்த மறுநாளே வேலையா?

ஞாயிறு நள்ளிரவு வீடு வந்து திங்கள் காலை ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஓடியவன்தான். லீவின் கடைசி நாளையும் வெளியூரில் கழித்தால்தான் லாபம் என்று தோன்றும். என் கணக்கில் அது நஷ்டம். பையைப் பிரித்து, துணி துவைத்து, ஒரு ராத்திரி சொந்தப் படுக்கையில் தூங்கி எழுந்த ஆளுக்கும், பையை வாசலில் போட்டுவிட்டு ஓடிய ஆளுக்கும் அந்த வாரம் முழுக்க வித்தியாசம் தெரியும்.

சேரும் நாளைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் புதன் அல்லது வியாழன் நல்லது. இரண்டு மூன்று நாள் வேலை பார்த்ததும் வார இறுதி வந்துவிடும். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுப் பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள்

முதல் நாள் எரிச்சலுக்கு வேலையைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி தூக்கம்தான்.

நேர மண்டலம் தாண்டிப் போய் வந்திருந்தால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று உடம்புக்குக் கொடுக்க வேண்டும். கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் சிரமம். நம் உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமானது; அதனால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்து, ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து பத்து மணிக்கு எழுந்தவர்களுக்கும் இதே கதைதான். விமானம் ஏறாமலே வரும் இந்தத் தடுமாற்றத்துக்கு உள்கடிகாரத்தை ஆராயும் டில் ரோனபெர்க்கும் அவர் குழுவினரும் 2006-இல் 'சமூக ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள்.

இதைச் சரிசெய்யும்போது படுக்கும் நேரத்தில் கை வைக்காதீர்கள், எழும் நேரத்தில் வையுங்கள். தூக்கம் வராதபோது சீக்கிரம் படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். லீவின் கடைசி நான்கு நாட்களில் தினமும் அரை மணி முன்னதாக அலாரம் வையுங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். காலை வெளிச்சம்தான் உள்கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். ராத்திரித் தூக்கமும் தானாகச் சீக்கிரம் வந்துவிடும். காபி, டீயை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போன கஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

முந்தின இரவு

மெயில் பார்க்கலாமா, கூடாதா? 'பார்த்துவிட்டால் நிம்மதி' என்று ஒரு கட்சி, 'தொடவே கூடாது' என்று இன்னொரு கட்சி. நான் நடுவில் நிற்கிறேன்: கேலண்டரை மட்டும் பாருங்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். மெயில் அப்படியல்ல, ராத்திரி பத்து மணிக்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாத விஷயத்தைச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்கும். பார்க்காமல் இருக்கவே முடியாது என்பவர்கள் அதை மதியத்தில், பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளட்டும்.

லேப்டாப்பை ஒரு தடவை திறந்து பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்.

முதல் மணி நேரம்: ஆட்களிடம் பேசுங்கள்

இன்பாக்ஸுக்கு முன்னால் ஓர் ஆளிடம் போங்கள். நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவர் என்றால் உத்தமம். முதலில் நன்றி சொல்லுங்கள். லீவுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர் அந்த நாட்களில் இரட்டை வேலை பார்த்தவர். அப்புறம் மூன்று கேள்வி:

'நான் போனதிலிருந்து எது மாறியிருக்கிறது?'
'எனக்காக யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா?'
'நான் இனிமேல் தொடக்கூடாதது எது?'

மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. நானும் ஒரு முறை கேட்காமல் விட்டேன். வந்த சுறுசுறுப்பில், ஒரு பழைய மெயிலுக்குப் பதிலாக, 'நாம் பேசிய தேதியிலேயே ஒப்படைக்கிறோம்' என்று வாடிக்கையாளருக்கு உறுதி சொல்லிவிட்டேன். நான் இல்லாதபோது அந்தத் தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அவர்களையும் சம்மதிக்க வைத்து, முடித்திருந்தார்கள். என் ஒரு வரி மெயில் அத்தனையையும் கலைத்தது. அதை நேராக்க இரண்டு நாள் பிடித்தது.

இதே கேள்விகளை மேனேஜரிடமும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பதில் கொஞ்சம் வேறு மாதிரி வரும். அந்த வித்தியாசமே ஒரு தகவல்தான்.

இன்பாக்ஸ்

இதற்கு ஒரே சட்டம்தான்: முதல் சுற்றில் யாருக்கும் பதில் போடக் கூடாது. படிப்பது, கழிப்பது, பிரிப்பது மட்டும்.

முதலில் இயந்திரம் அனுப்பியதைக் கழியுங்கள். அனுப்பியவர் பெயர்ப்படி வரிசைப்படுத்தினால், செய்திமடல், தானியங்கி எச்சரிக்கை, நடந்து முடிந்த மீட்டிங்குகளுக்கான அழைப்பு எல்லாம் கொத்துக் கொத்தாகத் தெரியும். மொத்தமாகப் பிடித்து அழிக்கலாம். மலைபோல் தெரிந்தது பத்து நிமிடத்தில் குன்றாகிவிடும்.

அப்புறம் மிச்சத்தைப் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் படியுங்கள். பழையதிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று தோன்றும். அது சரியான பொறி. ஓர் உதாரணம். 'புது மென்பொருள்: உங்கள் கருத்து?' என்று பதினான்கு மெயில் கொண்ட ஒரு தொடர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மெயில், வியாழனுக்குள் கருத்து சொல்லச் சொல்கிறது. ஆறாவது, 'உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறோம்' என்கிறது. பழையதிலிருந்து வருபவருக்கு இங்கே வயிற்றைப் பிசையும். அவசரமாக மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதத் தொடங்குவார். ஒன்பதாவதில் வேறொருவர் கருத்து சொல்லிவிட்டார். பதினான்காவது: 'முடிந்தது, எல்லோருக்கும் நன்றி.' புதியதிலிருந்து வருபவர் இந்தக் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஐந்து நொடி.

நகல் மட்டும் வந்த மெயில்களைக் கடைசியில் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். உங்களை நேரடியாகக் கேட்டவற்றை மூன்று குவியலாக்குங்கள்: முடிந்துபோனது, தெரிந்துகொள்ள வேண்டியது, என் பதில் தேவைப்படுவது. மூன்றாவது குவியல் பயந்த அளவுக்கு இருக்காது. என் நானூற்றுச் சொச்சத்தில் அது முப்பதைத் தாண்டவில்லை.

பதில் போடத் தொடங்கும்போது வரிசை முக்கியம். அதிகம் சத்தம் போட்டவருக்கு முதலில் போடத் தோன்றும், அல்லது பெரிய பதவியில் இருப்பவருக்கு. நான் அப்படிச் செய்வதில்லை. என்னால் யாருடைய வேலை நின்றுபோயிருக்கிறதோ அவருக்கு முதல் பதில். உங்களுக்கு இரண்டு நிமிடம் எடுக்கும் 'சரி, அனுப்புங்கள்' ஒருவருடைய நாலு நாள் முடக்கத்தை அவிழ்க்கலாம்.

இதையெல்லாம் ஒரு மணி நேரம் செய்துவிட்டு மெயிலை மூடிவிடுங்கள். மதியம் இன்னொரு மணி நேரம். மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டே வேறு வேலை பார்த்தால், முந்தின விஷயத்தின் மிச்சம் மனசில் ஒட்டிக்கொண்டே இருக்கும். சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வு இந்த மிச்சத்தைப் பற்றியதுதான்: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனம் முழுதாகப் புது வேலைக்கு வந்து சேருவதில்லை.

சாட் குழுக்கள் வேறு ரகம். ஆயிரம் செய்தியை மேலே தள்ளித் தள்ளிப் படிப்பது வீண். உங்கள் பெயரைத் தேடுங்கள்; பெயர் வந்த இடத்தை மட்டும் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போயிருந்தால் மெயிலையும் இப்படியே நடத்தலாம். எல்லாவற்றையும் 'லீவு' என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாளில் ஒரு சின்ன வேலையை முடியுங்கள்

உங்களுக்கு நீங்களே எழுதிய கடிதத்தை எடுத்து, அதிலேயே சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அந்த 5-ஆம் பக்கக் கூட்டல் மாதிரி ஏதாவது. கைக்குப் பழைய தாளம் திரும்ப வருவதற்குத்தான் இது. பெரிய திட்டத்தைத் தொடங்குவது, பெரிய முடிவு எடுப்பது எல்லாம் மூன்றாம் நாளுக்கு மேல். முதல் இரண்டு நாள் 'சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வாக்கியத்தை வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே போட்டுக்கொள்ளக் கூடாது.

வேலை முடியாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்புங்கள். பாக்கியை ஒரே ராத்திரியில் தீர்க்க உட்கார்ந்தால், செவ்வாய்க்கிழமை புது பாக்கியோடு தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். லீவில் பிடித்துப்போன பழக்கம் ஒன்றை, சாயங்கால நடை என்றாலும் சரி, ஒரு மணி நேரம் ஃபோனைத் தொடாமல் இருப்பது என்றாலும் சரி, அந்த வாரம் மட்டுமாவது தொடருங்கள்.

மேஜை இல்லாத வேலை என்றால்

வண்டி ஓட்டுபவர், இயந்திரத்தில் நிற்பவர், நோயாளியைப் பார்ப்பவர் ஆகியோருக்கு இன்பாக்ஸ் பெரிய விஷயமல்ல, கைதான் விஷயம். பழகிய வேலை என்ற நம்பிக்கை இருக்கும், ஆனால் கவனம் இன்னும் லீவில் இருக்கும். முதல் ஷிஃப்டில் சரிபார்ப்புப் பட்டியலை மனப்பாடமாக ஓட்டாமல், ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். நீங்கள் இல்லாத நாட்களின் ஷிஃப்ட் பதிவேட்டைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். எந்தக் கருவி பழுது, எந்த நடைமுறை மாறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தூரப் பயணம் முடிந்து வந்த உடனே இரவு ஷிஃப்ட் போட்டிருந்தால், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் திறக்கும் தேதியை ஒரு நாள் தள்ளி அறிவியுங்கள். அந்த ஒரு நாள் கணக்கும் சரக்கும் பார்க்க.

மனசு ஒட்டாவிட்டால்

முதல் சில நாள் சோர்வாக இருப்பது இயல்பு. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுவதும்தான். திங்கள் மதியம் எனக்குத் தவறாமல் தோன்றும். அதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள், மூன்று வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள். அப்போதும் அதே எண்ணம் இருந்தால் அது யோசிக்க வேண்டிய விஷயம்.

இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் தினமும் காலையில் பயம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று இருந்தால், அதை லீவின் தலையில் கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலை சார்ந்த எரிந்துபோன நிலைக்கு (பர்ன்அவுட்) மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையின் மேல் விலகலும் வெறுப்பும், செய்வதில் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். அந்த இடத்தில் இன்னொரு லீவு உதவாது. வேலையின் அளவைப் பற்றி மேனேஜரிடமும், உடம்பைப் பற்றி மருத்துவரிடமும் பேச வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை மதியம்

இரண்டு வேலை பாக்கி. ஒன்று, அடுத்த லீவுக்குத் தேதி குறிப்பது, ஒரே ஒரு நாள் என்றாலும். யெரூன் நவைனும் சகாக்களும் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், லீவுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பு மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. காத்திருப்பதில்தான் சந்தோஷம் என்றால், காத்திருக்க ஒரு தேதி வேண்டுமே.

இரண்டாவது, அந்தக் கடிதத்தை மறுபடி திறந்து, இந்த முறை எது சொதப்பியது என்று அடியில் ஒரு வரி சேர்ப்பது. என் கடிதத்தில் பல வருடமாக அழியாமல் இருக்கும் வரி இது: 'லீவுக்கு முந்தின நாள் சிஸ்டம் எவ்வளவு கெஞ்சினாலும் பாஸ்வேர்டை மாற்றாதே.'